கடலூரில் அவசர மின் பழுது: எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னும் பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவர், ஆண்டு முழுக்க வீசும் உப்புக்காற்று, அவ்வப்போது புயல். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டு வயரிங் படும் பாடு உள்நாட்டு ஊர்களில் இல்லாதது. ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போய், குழந்தை அழ, கைக்குக் கிடைத்த நம்பருக்கு போன் போடுகிற நேரத்தில் தேவைப்படுகிற விவரங்கள் இவை. கரண்ட் போகாத நாளில் ஒரு முறை படித்து வைத்தால் நல்லது.

கரண்ட் போய்விட்டது. இ.பி.யைக் கூப்பிடுவதா, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா?

முதலில் மீட்டரைப் பாருங்கள். பக்கத்து வீட்டு விளக்கை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். தெருவுக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளில் அவர்கள் வேறொன்றில் இருக்கலாம். ஒரே தெருவில் பாதி எரிந்து பாதி அணைந்து கிடப்பது அதனால்தான்.

மீட்டரின் திரை அணைந்து, சிவப்பு விளக்கும் இல்லையென்றால் சப்ளையே வரவில்லை. கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. தமிழ்நாடு முழுவதற்குமான மின்னகம் என்ற புகார் மையத்தின் எண் 94987 94987, இரவிலும் எடுப்பார்கள். புதுச்சேரி மின்துறைக்கு 1912. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது இணைப்பு எண்ணைத்தான். பில்லில் இருக்கும் அந்த எண்ணை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

மீட்டர் உயிரோடு இருந்து வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையென்றால் பழுது உங்கள் பக்கம். அதற்குத்தான் எலெக்ட்ரீஷியன். எவ்வளவு அவசரமானாலும் கம்பத்தில் ஏறி ஃபியூஸ் போடச் சொல்லித் தனியார் ஆளைக் கேட்காதீர்கள். அவரே முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள். லைன் எந்த நேரத்தில் உயிர் பெறும் என்பது கீழே நிற்கும் யாருக்கும் தெரியாது. மீட்டர் சீலையும் அவர் தொடக்கூடாது.

எதற்கு ராத்திரியே ஆள் வேண்டும்? எது காலை வரை தாங்கும்?

கருகல் வாடை, தொட்டால் சுடும் சுவிட்ச், போர்டுக்குள் சடசடவென்று சத்தம், குழாயிலோ கிரைண்டரிலோ ஷாக், விளக்குகள் திடீரென்று பிரகாசமாவது, மெயின் போர்டில் தண்ணீர் இறங்குவது: இவற்றுக்கு உடனே மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓர் அறையில் விளக்கு எரியவில்லை, வாடையில்லாமல் ஒரு பிளக் பாயிண்ட் செத்துப்போயிற்று, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஃபேன் மெதுவாவது பெரும்பாலும் கெப்பாசிட்டர் பலவீனமானதால்தான். சீலிங் ஃபேனில் பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே வாங்க வேண்டும். வேகம் கூடுமென்று பெரிய அளவு போட்டால் மோட்டார் சூடாகும்.

ஆள் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

காலில் ரப்பர் செருப்பு, உலர்ந்த கை, டார்ச். மெயினை இறக்குங்கள். பிறகு இன்வர்ட்டரையும் நிறுத்துங்கள். பலர் மறப்பது இதைத்தான். மெயினை இறக்கியவுடன் இன்வர்ட்டர் தானாக எடுத்துக்கொள்ளும். அதன் லைனில் உள்ள விளக்கு, ஃபேன் பாயிண்டுகளில் முழு 230 வோல்ட் இருக்கும். "மெயின் ஆஃப்" என்று நம்பி போர்டைத் திறக்கிற ஆளுக்கு அங்கேதான் அடி. வருகிறவரிடம் வாசலிலேயே சொல்லுங்கள்: "இன்வர்ட்டர் இருக்கு, நிறுத்தியாச்சு." மாடியில் சோலார் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் பேனலிலிருந்து இறங்கும் டிசி வயர் எப்போதும் உயிருள்ளது.

மெயின் போர்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தால் இறக்கவும் போகாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லிக் கம்பத்திலேயே துண்டிக்கச் செய்யுங்கள்.

போனில் எலெக்ட்ரீஷியனிடம் "கரண்ட் இல்ல, வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வெறும் டெஸ்டரோடு வருவார். எந்த எம்சிபி (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழும் சுவிட்ச்) விழுந்தது, அதில் எழுதியிருக்கும் ஆம்பியர் என்ன, உடனே விழுகிறதா கொஞ்ச நேரம் கழித்தா, கடைசியாக எதை ஆன் செய்தீர்கள், சிங்கிள் பேஸா திரீ பேஸா என்று சொல்லுங்கள். போர்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். ராத்திரி கடைகள் மூடியிருக்கும். பொருளைக் கையோடு கொண்டுவந்தால்தான் வேலை அன்றே முடியும்.

ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டி (T) என்று பொத்தான் உள்ள அகலமான சுவிட்ச்தான் ஆர்சிசிபி. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்க்கிறது. வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தால், அதாவது கரண்ட் எங்கோ மண்ணுக்கு ஒழுகினால், உடனே வெட்டிவிடும். ஒழுகும் வழி மனித உடம்பாகவும் இருக்கலாம்.

எல்லா எம்சிபிகளையும் இறக்குங்கள். ஆர்சிசிபியின் லீவரை முழுக்கக் கீழே தள்ளிவிட்டு மேலே ஏற்றுங்கள். பாதியில் நிற்கிற லீவரை அப்படியே மேலே தள்ளினால் சில மாடல்கள் பிடிக்காது. பிடித்து நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அந்த லைனில் மாட்டியிருக்கும் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இப்போது நின்றால் ஏதோ ஒரு பொருளில் கசிவு. வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார், பழைய ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் தேடுங்கள். மழைக்காலத்தில் கேட் விளக்கையும் மொட்டைமாடி விளக்கையும் முதலில் சந்தேகப்படுங்கள். அந்த ஹோல்டருக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கினால் போதும்.

எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லையென்றால் உடனே "ஆர்சிசிபி போச்சு, புதுசு போடணும்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சிங்கிள் போல் எம்சிபி. அது பேஸை மட்டும் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. எங்காவது நியூட்ரல் வயர் ஓதச் சுவரிலோ பெட்டியின் தகரத்திலோ பட்டிருந்தால், எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தாலும் ஆர்சிசிபி விழும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்கிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால்தான் இது பிடிபடும். அரை மணி நேர வேலை, எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. வெளியே போகும் வயர்களையெல்லாம் கழற்றிய பிறகும் நிற்காவிட்டால்தான் ஆர்சிசிபியை மாற்ற வேண்டும்.

புதிதாக இன்வர்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து விழுகிறதா? இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலை வீட்டின் மற்ற நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். போகும் கரண்ட் ஒரு வழி, திரும்புவது வேறு வழி. இன்வர்ட்டருக்குத் தனி நியூட்ரல் இழுத்தால் சரியாகும்.

எக்காரணம் கொண்டும் ஆர்சிசிபியை பைபாஸ் செய்து கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். "இப்போதைக்கு டைரக்ட் பண்ணித் தரேன், காலையில பாத்துக்கலாம்" என்று சொல்பவரை, மன்னிக்கவும், திருப்பி அனுப்புவதே நல்லது. கோளாறுள்ள ஒரு லைனை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மற்ற லைன்களை ஓட விடலாமே. அதுவே முறை.

எம்சிபி அடிக்கடி விழுகிறது. 16க்குப் பதில் 32 போட்டால் நின்றுவிடுமா?

விழுவது நின்றுவிடும். அதன் பிறகு சுவருக்குள் வயர் உருகும். எம்சிபி காப்பது வயரை. அதனால் வயரின் கனத்துக்கு ஏற்றதாக அது இருக்க வேண்டும். செம்பு வயரில் விளக்கு, ஃபேன் லைனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர். பவர் பிளக்குக்கு 2.5, அதற்கு 16. ஒன்றரை டன் ஏசிக்கும் பெரிய ஹீட்டருக்கும் 4, அதற்கு 20. கடையில் "ஒன்றரை, இரண்டரை, நாலு" என்று கேட்டாலே கொடுப்பார்கள்.

எப்போது விழுகிறது என்பதே பாதிப் பதில். ஏற்றிய கணமே டக்கென்று விழுந்தால் ஷார்ட். பதினைந்து இருபது நிமிடம் ஓடி விழுந்தால் லோடு அதிகம், அல்லது எம்சிபியின் ஸ்குரூ தளர்ந்து அங்கேயே சூடாகிறது. மோட்டார் கிளம்பும்போது மட்டும் விழுந்தால் பி வகை எம்சிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் நேரத்து இழுவையைத் தாங்க சி வகை வேண்டும்.

2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் அடாப்டர் போட்டு ஓட்டுகிற வீடுகளில்தான் கருகிய பாயிண்டுகளை அதிகம் பார்க்கலாம்.

சமையலறையில் மீனே இல்லை, ஆனால் மீன் கவிச்சி வாடை. இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சுவிட்ச், பிளக் பாயிண்ட், வயர் இவற்றின் பிளாஸ்டிக் சூடேறும்போது முதலில் கிளம்புவது கருகல் வாடை இல்லை, கவிச்சி வாடைதான். மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு போர்டாக முகர்ந்து பாருங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று வெதுவெதுப்பாக இருக்கும்.

திறந்தால் இப்படித்தான் தெரியும்: துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். வயரின் கடைசி ஒரு அங்குலம் இன்சுலேஷன் மொறமொறவென்று நொறுங்கும். ஸ்குரூவைத் தொட்டால் சுற்றும். தளர்ந்த ஸ்குரூவே மூலகாரணம். பிளக் பாயிண்டை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு அந்த நொறுங்கிய வயரையே மறுபடி முறுக்கிப் போட்டால் மூன்று மாதத்தில் இதே வாடை வரும். செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். நீளம் போதாவிட்டால் புது வயர் இழுக்க வேண்டும். உள்ளே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போட வேண்டாம்.

கிரைண்டரைப் போட்டால் ஹாலில் விளக்கு பளீரென்று எரிகிறது, இன்னொரு அறையில் மங்குகிறது. ஏன்?

உடனே மெயினை இறக்குங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

லோ வோல்டேஜ் என்றால் எல்லா விளக்கும் மங்கும். ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் பிரகாசமானால் நியூட்ரல் அறுந்துவிட்டது, அல்லது அறுபடப் போகிறது. திரீ பேஸ் இணைப்பில் இரண்டு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் போய்விட்டால் அந்த 400 இரண்டு பக்கத்து லோடுகளுக்கும் தாறுமாறாகப் பிரிகிறது. லோடு குறைந்த பக்கத்துக்கு 300க்கு மேலும் போகும். டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, எல்இடி பல்பு எல்லாம் ஒரே நிமிடத்தில் போவது இப்படித்தான். எம்சிபியும் ஆர்சிசிபியும் இதைத் தடுக்காது. ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று தனியாக இருந்தால் துண்டித்துவிடும். திரீ பேஸ் வீடுகளுக்கு அது மிகவும் தேவையான செலவு.

சிங்கிள் பேஸ் வீட்டில் உள்ளே நியூட்ரல் அறுந்தால் எதுவும் எரியாது. ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். ஏதோ ஒரு சுவிட்ச் ஆனில் இருப்பதால் பேஸ் அதன் வழியாகச் சுற்றி வந்து நியூட்ரல் துளையில் நிற்கிறது. "ரெண்டுலயும் பேஸ் வருது" என்று குழம்புகிற ஆளிடம் இதைச் சொல்லுங்கள்.

கடலோரத்தில் நியூட்ரல் போகும் இடங்கள் தெரிந்தவைதான். சர்வீஸ் வயர் அலுமினியம், வீட்டு வயர் செம்பு. இரண்டையும் நேராக முறுக்கிய இடத்தில் உப்புக்காற்று பட்டு அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், செம்பில் பச்சை பிடிக்கும். தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டி கடலைப் பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரம். அலுமினியத்தையும் செம்பையும் இணைப்பதற்கென்றே உள்ள பைமெட்டல் லக் போட்டு இறுக்குவதே மருந்து. மீட்டருக்கு முன்னால் என்றால் மின்வாரிய ஆள், பின்னால் என்றால் உங்கள் எலெக்ட்ரீஷியன்.

குழாயைத் திறந்தால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. ஹீட்டரை மாற்றினால் போதுமா?

ஹீட்டரின் எலிமென்ட் கசிவது பாதிக் காரணம். எர்த் சரியில்லாதது மறுபாதி. எர்த் இருந்திருந்தால் கசிந்தது அதன் வழியே போயிருக்கும், ஆர்சிசிபியும் வெட்டியிருக்கும்.

உப்புத்தன்மையுள்ள மண்ணில் எர்த் குழியின் ஜிஐ பைப் சில வருடங்களிலேயே துருப்பிடித்து இற்றுவிடும். மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டிவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. இற்றுப்போன எர்த்தும் அதே 230ஐக் காட்டும், ஏனென்றால் மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் துளிகூட இல்லை. ஆர்சிசிபிக்கு முன்னால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்ப்பது பழைய முறை, ஆனாலும் உண்மையைச் சொல்லும். முழுதாக எரியாமல் சிவப்பாக மினுங்கினால் எர்த் பலவீனம். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் ஓம் கணக்கிலேயே சொல்வார். 5 ஓமுக்குள் இருந்தால் வீட்டுக்கு நல்லது. பல்பு சோதனையை வீட்டார் செய்ய வேண்டாம்.

எர்த் இல்லையென்று பிளக் பாயிண்டில் நியூட்ரலையே எர்த் துளைக்கும் லூப் அடித்துத் தரும் ஆட்கள் உண்டு. நியூட்ரல் அறுந்த அன்று ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க பேஸ் ஏறி நிற்கும். இதைவிட ஆபத்தான வேலை வீட்டு வயரிங்கில் இல்லை.

வீட்டுக்குள் வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. எப்போது மெயின் போடலாம்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்து தென்பெண்ணை பெருகிக் கடலூரில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த வீட்டில் சுவர் காய்ந்துவிட்டதைப் பார்த்து மெயின் போடக்கூடாது. சுவிட்ச் பெட்டிக்குள்ளும் பைப்புக்குள்ளும் சேறும் ஈரமும் வெகுநாள் இருக்கும்.

தண்ணீரில் மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, சுவிட்ச், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். காயவைத்து ஓட்டுவது பொய்ச் சிக்கனம். உள்ளே மண் புகுந்த ஆர்சிசிபி தேவையான நேரத்தில் வெட்டாது. வயரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து ஒவ்வொரு லைனையும் சோதித்து 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் பயன்படுத்தலாம். மெக்கர் போடும் முன் பல்பு, இன்வர்ட்டர், டிவி எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவை கெடும். கிரைண்டர், மோட்டார், ஃபிரிட்ஜ் தனித்தனியாகச் சோதித்த பிறகே.

புயலுக்குப் பின் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து பிளக் பாயிண்டில் சொருகி வீட்டை ஓட்டாதீர்கள். இ.பி. லைனும் ஜெனரேட்டரும் ஒன்றுசேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி 11,000 வோல்ட்டாக மாறி, லைனைச் சரிசெய்யும் ஊழியரின் உயிரை எடுக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்த மாவட்டத்தில் சாய்ந்த கம்பங்களை நட்டு, இருண்ட ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்.

வருகிறவர் வேலை தெரிந்தவரா என்று எப்படி அறிவது?

தமிழ்நாட்டில் வயர்மேன், சூப்பர்வைசர், காண்ட்ராக்டர் என்று மின் உரிமம் வழங்கும் வாரியம் சான்று தருகிறது. அட்டையைக் கேட்பதில் தவறில்லை. "அண்ணே, லைசென்ஸ் கார்டு இருக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று மரியாதையாகக் கேட்டால் உள்ளவர் கோபப்படமாட்டார்.

அதைவிட, பையிலிருந்து முதலில் எதை எடுக்கிறார் என்று பாருங்கள். மல்டிமீட்டர் அல்லது கிளாம்ப் மீட்டர் எடுத்து அளந்துவிட்டுப் பேசுகிறவர் நம்பத்தக்கவர். டெஸ்டரை மட்டும் குத்திப் பார்த்துவிட்டு "வயரிங் பூரா மாத்தணும்" என்பவரிடம், எந்த லைன், என்ன ரீடிங் என்று கேளுங்கள்.

கூலி எவ்வளவு கேட்பார்கள்?

ராத்திரிக்கும் பகலுக்கும், மஞ்சக்குப்பத்துக்கும் சிப்காட் தாண்டிய ஊருக்கும் ஒரே கூலி இருக்காது. போனிலேயே நான்கைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்: வந்து பார்க்க எவ்வளவு, இரவுக்குக் கூடுதலா, கோளாறு கண்டுபிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு, பொருளை யார் வாங்குவது. பொருளின் பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே சிஎம்எல் என்ற உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

வாடகை வீடு. செலவு யாருடையது?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பட்டியலின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வீட்டின் உள், வெளி வயரிங் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. புதுச்சேரிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எப்படியானாலும் திறந்த போர்டின் படத்தை எடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால்?

அவரைத் தொடாதீர்கள். மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ விலக்குங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதயத் துடிப்பை ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்தது என்கிறார். காசு கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது?

ஆர்சிசிபியின் டி பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். பழுது பார்த்த லைனில் ஹீட்டரையோ இஸ்திரிப் பெட்டியையோ அரை மணி நேரம் ஓட விட்டு அந்த பாயிண்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று அளவுகளை அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அருகே, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள். மூன்றாவது அதிகமாக இருந்தால் நியூட்ரலில் இன்னும் ஏதோ தளர்வு இருக்கிறது. கழற்றிய பழைய பொருளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்பும் முன் எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று பெட்டியின் கதவில் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.